ஹேண்டில்பார் உயரத்துக்கு ஒரு விதி எழுதுங்கள்: சாலைப் போக்குவரத்து அமைச்சகத்துக்கு ஒரு மெக்கானிக்கின் திறந்த மடல்

மத்திய சாலைப் போக்குவரத்து, நெடுஞ்சாலைகள் துறை அமைச்சர் அவர்களுக்கும் அமைச்சக அதிகாரிகளுக்கும் வணக்கம்.

திண்டுக்கல்லில் டூவீலர் பட்டறை வைத்திருக்கிறேன். பைக்கின் ஹேண்டில்பாரை ஓட்டுகிறவரின் உடம்புக்குத் தகுந்தபடி ஓர் அங்குலம் போல உயர்த்திக்கொள்வது சட்டப்படி சரியா, தவறா என்று தெளிவாக எழுதிக் கொடுங்கள். சரி என்றால் அதற்கு எந்தப் பாகத்தைப் பயன்படுத்தலாம், யார் சோதித்துச் சான்று தர வேண்டும் என்பதையும் விதியாக்குங்கள். நான் கேட்பது இவ்வளவுதான்.

ஏதோ சொகுசுக்காகக் கேட்பதாக நினைத்துவிட வேண்டாம். பந்தய பைக் சாயலில் வரும் வண்டிகளில் கைப்பிடி தாழ்வாகவும் முன்தள்ளியும் இருக்கும். ஓட்டுகிறவர் டேங்க் மேல் குனிந்துதான் உட்கார முடியும். வேகமாகப் போகும்போது இந்த அமைப்பு பொருந்தும். எதிர்க்காற்று நெஞ்சைத் தாங்கிப் பிடிக்கும், கையில் பாரம் குறையும். ஆனால் பஸ் ஸ்டாண்டைச் சுற்றி இருபது, முப்பது கிலோமீட்டர் வேகத்தில் ஊரும்போது அந்தக் காற்று ஏது? மேலுடம்பின் பாரத்தில் பெரும்பகுதி உள்ளங்கையில்தான் இறங்குகிறது. சுண்டுவிரல் பக்கமாக உள்ளங்கையில் ஒரு நரம்பு ஓடுகிறது. அது நீண்ட நேரம் அழுந்தினால் சுண்டுவிரலும் மோதிர விரலும் மரத்துப்போகும். மரத்த விரலுக்கு பிரேக் லீவரை எவ்வளவு அழுத்துகிறோம் என்பது தெரியாது. அப்படிப் பார்த்தால் இது வலியைப் பற்றிய பேச்சு மட்டும் இல்லை, சாலைப் பாதுகாப்பைப் பற்றியதும்தான்.

என்னிடம் வருகிறவர்களில் பாதிப்பேர் இளவட்டங்களே இல்லை. கல்லூரிக் காலத்தில் ஆசைப்பட்ட வண்டியை நாற்பது வயதில் வாங்கியவர்கள், கழுத்து எலும்புத் தேய்மானத்துக்கு மருந்து சாப்பிடுகிறவர்கள், கை எட்டாமல் தோளை நீட்டி நீட்டி ஓட்டும் உயரம் குறைந்த பெண்கள். இவர்களில் பலருக்கு ரைசர், அதாவது கைப்பிடியை உயர்த்த அதன் கிளாம்ப்புக்கு அடியில் வைக்கும் துண்டு, போடவே வேண்டியதில்லை. இரும்புப் பைப் கைப்பிடி என்றால் கிளாம்ப்பைத் தளர்த்தி, பாரைக் கொஞ்சம் தன் பக்கம் திருப்பி, லீவர்களை விரலுக்கு நேராக வைத்துக் கொடுத்தாலே முகம் மாறிவிடும். அதற்குக் காசும் வேண்டாம், கூடுதல் பாகமும் வேண்டாம். அதிலும் தீராதவர்களுக்குத்தான் உயரம் தேவைப்படுகிறது.

இங்கேதான் சட்டம் குழப்புகிறது. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆவது பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்துக் கொடுத்ததிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. ஆர்சி புக்கை எடுத்துப் பாருங்கள். இன்ஜின் நம்பர், சேஸிஸ் நம்பர், சிசி, நிறம், சக்கர இடைவெளி, எடை எல்லாம் இருக்கும். ஹேண்டில்பார் உயரம் என்று ஒரு வரி கிடையாது. அப்படியானால் உயர்த்தலாம் என்றுதானே படிக்கிறவர் நினைப்பார்? ஆனால் 2019 ஜனவரியில் கேரளா சம்பந்தப்பட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம், தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை மாற்றவே கூடாது என்று இந்தப் பிரிவுக்குக் கண்டிப்பான பொருள் கொடுத்தது. அதே ஆண்டு வந்த திருத்தச் சட்டத்தின் 182ஏ பிரிவு, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது. காதைக் கிழிக்கும் சைலன்சருக்கும் மணிக்கட்டு வலிக்காகப் போட்ட அலுமினியத் துண்டுக்கும் ஒரே தண்டனையா? ரோட்டில் நிறுத்தும் காவலருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஒரு ஊரில் விட்டுவிடுகிறார்கள், அடுத்த ஊரில் ரசீது எழுதுகிறார்கள்.

கைப்பிடி உயரமாக இருப்பதே ஆபத்து என்று யாரும் சொல்ல முடியாது. ராயல் என்ஃபீல்டின் இன்டர்செப்டர் 650, கான்டினென்டல் ஜிடி 650 இரண்டும் 2018-இல் சேர்ந்தே வந்தவை. இரண்டிலும் அதே 648 சிசி இன்ஜின்தான். ஒன்றில் நிமிர்ந்து உட்காரும்படி அகன்ற கைப்பிடி, மற்றதில் குனிந்து பிடிக்கும் தாழ்வான கிளிப்-ஆன் கைப்பிடி. யமஹாவின் ஆர்15, எம்டி-15 கதையும் கிட்டத்தட்ட இதுதான். நிமிர்ந்து ஓட்டும் வண்டியும் குனிந்து ஓட்டும் வண்டியும் ஒப்புதல் வாங்கித்தான் ரோட்டுக்கு வந்திருக்கின்றன.

ஆபத்து இருப்பது பொருத்தும் முறையில். அதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும்.

விதி இல்லாததால் நல்ல கம்பெனிகள் இதில் இறங்கத் தயங்குகின்றன, அந்த இடத்தை லேத் பட்டறைத் துண்டுகள் நிரப்புகின்றன. போன மழைக்காலத்தில் ஒரு பையன் ஸ்டீயரிங் லூஸாக இருப்பதாக வண்டியைக் கொண்டுவந்தான். ஸ்டீயரிங்கைத் தாங்கும் பேரிங்கான கோன் செட் போயிருக்கும் என்று நினைத்து ஆட்டிப் பார்த்தால் அது கல்லு மாதிரி இருக்கிறது. ஆடியது ஹேண்டில்பார். கிளாம்ப்புக்கு அடியில் ஒரு அலுமினியக் கட்டியை வைத்தவர்கள், கம்பெனி போல்ட்டையே திரும்பப் போட்டு முறுக்கியிருந்தார்கள். உயரம் கூடினால் போல்ட்டும் நீளமாக வேண்டாமா? கழற்றிப் பார்த்தபோது மூன்று மரை அளவுக்குத்தான் பிடித்திருந்தது, அதுவும் வழுக்க ஆரம்பித்திருந்தது. எட்டு மில்லிமீட்டர் தடிமனுள்ள போல்ட் என்றால் குறைந்தது அதே எட்டு மில்லிமீட்டராவது உள்ளே இறங்கிப் பிடிக்க வேண்டும், அலுமினியத்தில் இன்னும் கூடுதலாக. ஒரு பெரிய பள்ளத்தில் முன்சக்கரம் இறங்கியிருந்தால் கைப்பிடி கையோடு வந்திருக்கும்.

அப்புறம் கேபிள். பாரை உயர்த்தினால் ஆக்சிலேட்டர் கேபிளும் கிளட்ச் கேபிளும் இழுபடும். நேராக நிற்கும்போது ஒன்றும் தெரியாது. இன்ஜினை ஓடவிட்டு ஹேண்டிலை ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு முழுசாகத் திருப்பிப் பார்க்க வேண்டும். சத்தம் தானாக ஏறினால் கேபிள் இறுகுகிறது என்று அர்த்தம். யு-டர்ன் அடிக்கும்போது, ஆக்சிலேட்டரைத் தொடாமலே வண்டி முன்னால் பாய்வது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பிரேக் ஆயிலைக் கொண்டுபோகும் குழாயான பிரேக் ஹோஸும் அப்படியே. 2019 ஏப்ரலிலிருந்து 125 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளில், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் பிரேக் கட்டாயம், அதுவும் ஹோஸை நம்பித்தான் இயங்குகிறது. அந்த ஹோஸை விறைப்பாக இழுத்துவைத்து ஓட்டுவது, என்றைக்கு விடும் என்று தெரியாத பிரேக்கோடு ஓட்டுவது.

கேட்கிற உயரத்தை எல்லாம் நான் வைத்துக் கொடுப்பதில்லை. தோளுக்கு மேலே கை தூக்கியபடி ஓட்டும் கைப்பிடியோடு வந்தால் திருப்பி அனுப்பிவிடுவேன். அளவு மீறி உயர்த்தினால் ஓட்டுகிறவரின் பாரம் பின்னால் போகும், முன்சக்கரத்தின் பிடி குறையும், நெடுஞ்சாலையில் காற்று நெஞ்சில் மோதி மனிதரையே பின்னால் தள்ளும். அதனால் உச்ச வரம்பு கட்டாயம் வேண்டும். அமெரிக்காவின் பல மாநிலங்களில் கைப்பிடி உயரத்துக்கு ஓட்டுகிறவரின் தோளை அளவாக வைத்து வரம்பு போட்டிருக்கிறார்கள். நம் ஊருக்கு எத்தனை மில்லிமீட்டர் என்பதைச் சோதித்துத்தான் சொல்ல வேண்டும். அதற்கு வாகனங்களைச் சோதிக்கும் நிறுவனங்களாகப் புனேயில் ஏஆர்ஏஐ இருக்கிறது, இங்கே சென்னைக்குப் பக்கத்தில் ஓரகடத்திலேயே ஜிஏஆர்சி இருக்கிறது.

ஜெர்மனியில் வாகன விதிகள் நம்மைவிடக் கறார். ஆனாலும் அங்கே ரைசர் விற்கிறது. சோதனையில் தேறிய பாகம் அனுமதிச் சான்றோடு வருகிறது. சில பாகங்களுக்கு அந்தக் காகிதத்தை வண்டியில் வைத்திருந்தாலே போதும். சிலவற்றைப் பொருத்தியபின் ஆய்வாளரிடம் காட்டி, வண்டி ஆவணத்தில் பதிந்துகொள்ள வேண்டும். இந்த ஏற்பாடு நமக்கும் ஒத்துவரும். இங்கே மாற்றுத்திறனாளிகளுக்காகப் பக்கச் சக்கரம் பொருத்திய வண்டிகளை பிரேக் இன்ஸ்பெக்டர் பார்த்து, ஆர்சியில் பதிந்து தருவது ஏற்கெனவே நடக்கிறது. குறிப்பிட்ட நோக்கத்துக்காக வண்டியை மாற்ற விலக்கு அளிக்கும் அதிகாரமும் 52-ஆவது பிரிவிலேயே மத்திய அரசுக்குக் கொடுக்கப்பட்டிருக்கிறது. புதிதாக ஒரு சட்டம் தேவையில்லை, ஓர் அறிவிக்கை போதும்.

அதில் கம்பெனிகளுக்கும் ஒரு கடமை வையுங்கள். இந்த மாடலின் கேபிளும் ஹோஸும் எவ்வளவு உயரம் வரை தாங்கும், எந்த நீளத்தில் எந்தத் தர போல்ட் போட வேண்டும், எவ்வளவு டார்க்கில் (முறுக்கு விசையில்) முறுக்க வேண்டும் என்று ஓனர்ஸ் மேனுவலில் அரைப் பக்கம் அச்சடிக்கச் சொல்லுங்கள். வண்டியை வடிவமைத்தவர்களுக்கு அந்தக் கணக்கு கைவசம் இருக்கும். இன்று அதைப் பட்டறையில் நாங்கள் கண்ணால் அளந்து முடிவு செய்கிறோம்.

வரைவு அறிவிக்கை வெளியிட்டு மக்கள் கருத்தைக் கேட்கும்போது தமிழிலும் வெளியிடுங்கள். என்னைப் போன்ற மெக்கானிக்குகள் படித்துவிட்டு, எந்த மாடலில் எந்தக் கேபிள் முதலில் இறுகும் என்பதுவரை எழுதி அனுப்பத் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
திண்டுக்கல்லிலிருந்து ஒரு டூவீலர் மெக்கானிக்