நல்ல நாளில் பாதியில் நிறுத்து

தருமபுரி,
பங்குனி.

அன்புள்ள நண்பா,

கடிதம் வந்தது. நான்காவது வரியிலேயே எழுத்து சரியத் தொடங்கிவிட்டது. விரல் எந்த நிலையில் இருக்கிறது என்று அதிலேயே தெரிந்துவிட்டது. இங்கே புளி உலுக்கி முடிகிற நேரம், திண்ணைக்குத் திண்ணை கொட்டை தட்டும் சத்தம். வேறு பெரிய சேதி இல்லை. உன் விஷயத்துக்கே வருகிறேன்.

வாரம் ஒரு நடுகல், அதாவது இறந்த வீரனுக்கு நட்ட நினைவுக்கல், பற்றிக் கட்டுரை என்று ஆரம்பித்தது ஆறு வாரமாக நின்றுபோய்விட்டது, நல்ல நாள் வரட்டும் என்று காத்திருக்கிறேன் என்கிறாய். சரவாங்கி என்கிற இந்த மூட்டுவாதம் வந்தவர் எழுத்தைக் கெடுப்பது பெரும்பாலும் அந்த நல்ல நாள்தான். வலி குறைந்த அன்று மூன்று மணி நேரம் உட்கார்ந்து முழுசாக முடித்துவிடத் தோன்றும். எழுதும்போது ஒன்றும் தெரியாது. மறுநாளோ அதற்கடுத்த நாளோ மணிக்கட்டு வீங்கும். பிறகு ஒரு வாரம் பேனா தொட முடியாது. அடுத்த நல்ல நாளில் விட்டதையெல்லாம் பிடிக்கப் பார்த்து மறுபடியும் படுக்கை. ஸ்டீராய்டு அளவைக் கூட்டியிருக்கும் நாட்களில் இன்னும் கவனம் வேண்டும். அப்போது வரும் சுறுசுறுப்பில் பாதி மாத்திரையுடையது, உன்னுடையது இல்லை.

அதனால் முதலில் உன் அளவைக் கண்டுபிடி. ஒரு வாரம், எத்தனை நிமிஷம் எழுதினாய், மறுநாள் காலை கை எப்படி இருந்தது என்று இரண்டே எண்களைக் காலண்டரில் குறி. மறுநாள் தொந்தரவு தராத நிமிஷங்களில் ஐந்தில் ஒரு பங்கைக் கழித்துவிடு. 25 நிமிஷம் தாங்கினால் உன் அளவு 20. நல்ல நாளிலும் 20தான். கைபேசியில் மணி வை. அடித்ததும், வாக்கியம் பாதியில் நின்றாலும் எழுந்துவிடு. பாதி வாக்கியம் ஒரு வகையில் நல்லதுதான், நாளைக்கு எங்கே தொடங்குவது என்று தேட வேண்டாம். கூடவே ஒரு துண்டுச் சீட்டில், அடுத்து என்ன சொல்ல இருந்தாய், எந்தப் புத்தகத்தில் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று குறித்து வை. தலை மந்தமாக இருக்கிற அன்று அந்தச் சீட்டு இல்லாவிட்டால் உன் கட்டுரையே யாரோ எழுதியது போல இருக்கும். இரண்டு வாரம் தொந்தரவில்லாமல் போனால் இரண்டு நிமிஷம் கூட்டலாம், அதற்கு மேல் வேண்டாம்.

காலை விறைப்பு விடுகிற வரை எழுத்து வேலையே வைக்காதே. கையை வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிஷம் வைத்து, விரல்களை மெல்ல மடக்கி நீட்டு. மெத்தோட்ரெக்சேட் சரவாங்கிக்கு வாரம் ஒருமுறை எடுக்கிற மாத்திரை. சனி இரவு போட்டால் ஞாயிறு சோர்வும் குமட்டலும் வரலாம், அந்த நாளை முன்கூட்டியே காலியாக விட்டுவிடு. எழுதுவதற்காகக் கிழமையை மாற்றத் தோன்றினால் மருத்துவரைக் கேட்டு மாற்று. தப்பித்தவறி அதைத் தினமும் போட்டுவிட்டால் உயிருக்கே ஆபத்து, தெரியும்தானே.

இனி கை. பால்பாயின்ட் பேனாவை விடு, அதற்கு அழுத்தம் வேண்டும். ஜெல் பேனா தானாக ஓடும். பிடிக்கிற இடத்தில் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றித் தடிமனாக்கு. ஒல்லிப் பேனாவை இறுக்கிப் பிடிப்பதுதான் கட்டைவிரலின் அடிமூட்டைப் பிடுங்குகிறது. கைபேசியில் இரண்டு கட்டைவிரலாலும் தட்டுவது அதைவிட மோசம்.

கணினியில் நீ இன்னும் ஆங்கில எழுத்தை வைத்துத்தான் தமிழ் அடிக்கிறாய் என்று நினைக்கிறேன். தமிழ்99 விசைப்பலகை அமைப்புக்கு மாறு. 'அம்மா'வுக்கு அ, ம, ம, ஆ என நான்கே தட்டல், நடுப்புள்ளி தானாக விழும். ண, ள, ற எதற்கும் ஷிஃப்டை அழுத்திப் பிடிக்க வேண்டாம். கிரந்த எழுத்துக்குத்தான் அது வேண்டும், உன் ஊர்ப் பெயரில் ஒரு ஷ இருப்பது உன் தலைவிதி. விண்டோஸில் ஷிஃப்டை ஐந்து முறை தொடர்ந்து தட்டினால் ஒட்டும் விசை வசதி கிடைக்கும், பிறகு அழுத்திப் பிடிக்காமல் ஒவ்வொன்றாகத் தட்டலாம். என் ஊருக்கும் ஒரு சிக்கல் உண்டு. ம-வை அடுத்துப் ப தட்டினால் ம்ப ஆகிவிடும், 'தருமபுரி' 'தரும்புரி'யாக வந்து நிற்கும். நடுவில் ஒரு அ தட்டினால் சரியாகும். ஒரே குறை, மெய்யெழுத்துகள் பெரும்பாலும் வலக்கைப் பக்கம். உனக்கு வலது மணிக்கட்டுதான் மோசம் என்றால் இது முழுத் தீர்வு ஆகாது, பேச்சுக்குத்தான் போக வேண்டும்.

பேசித் தட்டச்சு செய்வதில் பலர் செய்கிற தப்பு, யோசிப்பதையும் அதிலேயே செய்வது. நடுவில் தயங்கினால் அது நின்றுவிடும், கொச்சையில் பேசினால் கண்டபடி எழுதும். முதலில் சாதாரண ஒலிப்பதிவில் படுத்தபடியே உனக்கு வருகிற பேச்சில் சொல்லிவிடு. இன்னொரு நாள் அதைக் கேட்டு, எழுத்துத் தமிழில் சின்னச் சின்ன வாக்கியமாகச் சொல்லித் தட்டச்சாக்கு. மின்விசிறியை அந்தப் பத்து நிமிஷம் நிறுத்து (பங்குனி வெயிலில் கொடுமைதான்). ல-ள, ர-ற, ன-ண மூன்றிலும் தடுமாறும். 'நடுகல்' 'நடுக்கல்' ஆகலாம், ஒற்றும் நிறுத்தக்குறியும் உன் பொறுப்பு. அன்றே திருத்து. நான்கு நாள் கழித்தால் நீ என்ன சொன்னாய் என்று உனக்கே பிடிபடாது. ஒலிப்பதிவை அதுவரை அழிக்காதே.

நடுகல் பார்க்கப் போவதை எழுதுவதோடு சேர்த்து ஒரே நாளில் வைக்காதே. ஒரு பயணம் என்றால் மூன்று கட்டுரைக்குச் சரக்கு. சாய்வெளிச்சத்தில்தான் புடைப்புச் சிற்பமும், கல்லில் வெட்டிய வட்டெழுத்து என்ற பழைய எழுத்தும் தெரியும். காலை விறைப்பால் உனக்கு விடியல் ஆகாது, மாலை நாலரைக்கு மேல் போ. கல் கிழக்கு பார்த்திருந்தால் மாலையில் முகம் நிழலில் இருக்கும், பக்கவாட்டில் இருந்து டார்ச் அடிக்கச் சொல்லி எடு. சுண்ணக்கட்டி பூசி எழுத்தை எடுப்பாகக் காட்டுவது கல்லுக்குக் கேடு. மண்டியிடாதே, மடக்கு நாற்காலி கொண்டுபோ. ஒவ்வொரு கல்லுக்கும் உயரம், எந்தத் திசை பார்த்திருக்கிறது, வீரன் கையில் என்ன, பக்கத்தில் மாடு உண்டா, மேலே அவனை அழைத்துப்போகும் தேவமகளிர் உண்டா என்று அங்கேயே குரலில் பதிந்துவிடு. ஒரு கல்லுக்கு 150 சொல் போதும். தகடூர் (தருமபுரியின் பழைய பெயர்) நாட்டு வரலாறு முழுவதையும் ஒவ்வொரு முறையும் முன்னுரையில் சொல்லும் பழக்கத்தை இப்போதாவது விடு.

ஒன்றுமே முடியாத நாளுக்குத் தனியாக ஒரு பட்டியல் வைத்துக்கொள். படங்களுக்குப் பெயர் மாற்றுவது, பழைய பதிவுகளைக் கேட்பது, தலைப்பு யோசிப்பது போன்ற சில்லறை வேலைகள். காய்ச்சலோடு மூட்டு சிவந்து வீங்கினால் அதுவும் வேண்டாம், மருத்துவரிடம் போ.

இதற்குப் பதில் கையால் எழுதாதே. குரலில் பதிந்து அனுப்பு, மூன்று நிமிஷத்துக்குள். முதல் கல்லின் பதிவையும் சேர்த்து அனுப்பினால் தட்டச்சு செய்து நான் அனுப்புகிறேன். ஒற்றுப் பிழைக்குத் திட்டக் கூடாது.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்