பேத்தி வயதுப் பிள்ளைகள் வாங்கித் தந்த ஓட்டு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கடந்த ஞாயிறு இதழில் வாசகர் ஒருவர், 18 வயதுப் பிள்ளைகளுக்கு ஓட்டு எதற்கு, கைப்பேசியை விட்டால் வேறு என்ன தெரியும் அவர்களுக்கு என்று எழுதியிருந்தார். அந்தப் பிள்ளைகளுக்கு என் வீடு கடன்பட்டிருக்கிறது. அதனால்தான் இந்தக் கடிதம்.

என் மனைவி 1961இல் நம் மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவள். 60 வயது தாண்டும்வரை ஒரு தடவைகூட ஓட்டுப் போட்டதில்லை. அப்போதெல்லாம் நாமே போய்ப் பதிந்தால்தான் பட்டியலில் பெயர் ஏறும். 2007இல் கரண்டு பில் கட்டத் தபால் நிலையம் போன இடத்தில் நான் பதிந்துகொண்டேன். அவள் அடையாள அட்டையை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தாள். அடுத்த தடவை பார்க்கலாம் என்றாள். அந்த அடுத்த தடவை வரவே இல்லை.

'உண்டி 18' (மலாயில் 'உண்டி' என்றால் ஓட்டு) இயக்கத்தைத் தர்மா பிள்ளை, கைரா யுஸ்ரி போன்றவர்கள் 2016இல் மாணவர்களாகத்தான் தொடங்கினார்கள். அவர்கள் கேட்டது ஓட்டுப் போடும் வயதை 21இலிருந்து 18 ஆக்கச் சொல்லி. 2019 ஜூலை 16 அன்று மக்களவையில் 211 பேர் ஆதரிக்க, எதிர்ப்பே இல்லாமல் அரசியலமைப்புத் திருத்தம் நிறைவேறியது. தானாகவே வாக்காளராகப் பதிவாகும் முறையும் அதே திருத்தத்தில் சேர்ந்து வந்தது. என் மனைவிக்கு வழி பிறந்தது அங்கேதான்.

ஆனால் 2021இல் தேர்தல் ஆணையம், இந்தத் திருத்தத்தை நடைமுறைப்படுத்த அடுத்த ஆண்டு செப்டம்பருக்குப் பிறகுதான் முடியும் என்றது. நானாக இருந்தால் 'சரி, பார்ப்போம்' என்று டீ குடிக்கப் போயிருப்பேன். சரவாக் இளைஞர்கள் ஐந்து பேர் வழக்குப் போட்டார்கள். டிசம்பர் 31க்குள் நடைமுறைக்குக் கொண்டுவரும்படி கூச்சிங் உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. டிசம்பர் 15 அன்று நடைமுறைக்கு வந்தது. மூன்றே நாளில் நடந்த சரவாக் மாநிலத் தேர்தலில் 18 வயதினர் ஓட்டுப் போட முடியாமல் போனது வேறு கதை. அதற்குப் பழைய பட்டியல்தான்.

2018 பொதுத் தேர்தலில் வாக்காளர்கள் 1 கோடியே 49 லட்சம். 2022இல் 2 கோடியே 11 லட்சம். புதிதாகச் சேர்ந்தவர்களில் 18 முதல் 20 வயதுக்காரர்கள் ஏறக்குறைய 14 லட்சம்தான். மீதிப் பேரில் எத்தனை பேர் என் மனைவியைப் போல 'அடுத்த தடவை' சொன்னவர்களோ!

ஒரு சிக்கலும் உண்டு. பதிவு அடையாள அட்டை முகவரிப்படி நடக்கிறது. நாங்கள் கிள்ளானுக்கு வந்து எத்தனையோ வருடமாயிற்று, அவள் அட்டையில் இன்னும் தோட்டத்து முகவரிதான். 2022 நவம்பர் 19 அன்று மூன்று மணி நேரத்துக்கு மேல் காரோட்டிக் கூட்டிப்போனேன். விரலில் மையோடு வெளியே வந்தவள் அதைத் துடைக்காமலே சோறு சாப்பிட்டாள்.

அட்டையில் முகவரியை மாற்றினால் மட்டும் போதாது, தொகுதி மாற்றத்துக்குத் தேர்தல் ஆணையத்திடம் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். நம்மவர்களில் பலருக்கு இது தெரியாது. உங்கள் பத்திரிகை அந்த நடைமுறையை ஒரு பெட்டிச் செய்தியாகப் போட்டால் நன்றாக இருக்கும்.

என் மனைவிக்கு மட்டும் அது தேவைப்படாது. அப்பாவும் அம்மாவும் மண்ணுக்குள் படுத்திருக்கும் ஊரிலேயே ஓட்டு இருக்கட்டும், அதைச் சாக்கிட்டாவது போய்வரலாம் என்கிறாள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பள்ளிப் பேருந்து ஓட்டுநர்,
கிள்ளான்.