ஏகாம்பரத்துக்கு: அந்தக் கேசட்டுகளைப் பற்றி

சத்துவாச்சாரி,
வேலூர்.

அன்புள்ள ஏகாம்பரம்,

உன் கடிதம் சென்ற வாரம் கிடைத்தது. மகளுக்குப் பேறுகாலம் நல்லபடியாக முடிந்து தாயும் சேயும் நலமாக இருப்பதைப் படித்து வீட்டில் எல்லோரும் மகிழ்ந்தோம். இங்கே கத்திரி வெயில் தொடங்குவதற்கு முன்பே கோட்டை அகழித் தண்ணீர் கண்ணில் அனலாய் அடிக்கிறது. மற்றபடி அனைவரும் நலம்.

நீ கேட்டிருந்த விஷயத்துக்கு வருகிறேன். 1986-இல் ஆரணிக்குத் தெற்கே அந்தத் திரௌபதி அம்மன் கோயில் அக்கினி வசந்த விழாவில், உன் நேஷனல் பானசோனிக் பெட்டியை மேடைக்கு அருகில் வைத்து, விடிய விடிய உட்கார்ந்து நீ பதிவு செய்த கர்ண மோட்சக் கூத்தின் கேசட்டுகளை இணையத்தில் ஏற்றலாமா, சட்டம் ஏதும் குறுக்கே நிற்குமா என்று எழுதியிருக்கிறாய். ஒற்றை வரியில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் இந்தப் பங்குனியில் நடந்த ஒன்றைச் சொல்லாமல் அந்த ஒற்றை வரியை எழுத எனக்கு மனம் வரவில்லை.

அன்றைக்குக் கர்ணன் வேடம் கட்டிய பெரியவரின் மகன்தான் இப்போது அந்த ஜமாவுக்கு, அந்தக் கூத்துக் குழுவுக்கு, வாத்தியார். முதல் நாள் இரவு கூத்து முடித்துவிட்டு, உறங்காமல், நேராக நீதிமன்ற வளாகத்துக்கு என்னைத் தேடி வந்தார். காதோரத்தில் அரிதாரம் சரியாகப் போகவில்லை. நகக்கண்களில் முத்துவெள்ளைப் பூச்சு அப்பியிருந்தது. மடியிலிருந்து கைப்பேசியை எடுத்து நீட்டினார். அதில் இரண்டு சங்கதிகள் இருந்தன. வில்லிபாரதத்திலிருந்து ஒரு விருத்தத்தை அவர் தம் குரலில், தம் ஜமாவின் ஆர்மோனியத்தோடும் முகவீணையோடும் பாடிக் காணொளித் தளம் ஒன்றில் ஏற்றியிருந்தார். அதன்மேல் ஓர் இசை நிறுவனம் உரிமை கோரியிருப்பதாகவும், விளம்பர வருமானம் இனி அந்நிறுவனத்துக்கே போகும் என்றும் அறிவிப்பு வந்திருந்தது. இரண்டாவது, யாரோ ஒருவர் சென்ற ஆண்டு சித்திரையில் இவருடைய கூத்தை இரவு முழுவதும் படம் பிடித்து, ‘கிராமத்துத் தெருக்கூத்து’ என்று மட்டும் தலைப்பிட்டு, ஊர்ப் பெயரோ வாத்தியார் பெயரோ இல்லாமல் ஏற்றியிருந்தார். அதை லட்சத்துக்கு மேற்பட்டோர் பார்த்திருந்தார்கள். “ஐயா, நான் பாடினது என்னுது இல்லையாம். என்னை எடுத்தது மட்டும் அவனுதாம். இது என்ன ஞாயம்?” என்று கேட்டார்.

இதில் சட்டம் அவர் பக்கம்தான் இருக்கிறது, ஏகாம்பரம். வில்லிபுத்தூரார் சுமார் அறுநூறு ஆண்டுகளுக்கு முந்தியவர்; அவர் பாட்டு எல்லோருக்கும் பொது. அந்த விருத்தத்தை எவரேனும் பாடி வெளியிட்டால் அந்த ஒலிப்பதிவுக்கு மட்டும் 60 ஆண்டுகள் பதிப்புரிமை உண்டு. அதுவும் அந்தக் குறிப்பிட்ட பதிவைப் படியெடுப்பதைத்தான் தடுக்கும். அதே விருத்தத்தை அதே ராகத்தில் இன்னொருவர் தம் தொண்டையால் பாடுவதைத் தடுக்க 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் எந்தப் பிரிவும் இல்லை. ஆனால் தளத்தில் ஒப்பிட்டுப் பார்ப்பது மனிதர் அல்லர், ஒரு கணிப்பொறி நிரல். அதற்கு மெட்டின் சாயல் தெரிகிறது. இந்த மெட்டு எவருக்கும் சொந்தமில்லை என்பது தெரிவதில்லை. நம் நாட்டு நீதிமன்றம் எதையும் கேட்பதற்கு முன்பே, தளத்தில் கணக்குத் தொடங்கும்போது நாம் படிக்காமல் ஒப்புக்கொள்ளும் நிபந்தனைகளின்படி தீர்ப்பு நடந்து முடிந்துவிடுகிறது. மறுப்பு எழுதி அனுப்பினேன். ஒரு மாதம் கழித்து உரிமைகோரல் விலக்கப்பட்டது. அதற்குள் பங்குனித் திருவிழாக்கள் முடிந்து, அந்தக் காணொளியைத் தேடி வந்தவர்கள் எல்லாம் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள்.

இரண்டாவது சங்கதிதான் என்னைச் சட்டப் புத்தகத்தை மறுபடி எடுத்துப் படிக்க வைத்தது. நிகழ்த்துநர் என்றால் யார் என்று அதில் ஒரு விளக்கம் இருக்கிறது. நடிகர், பாடகர், இசைக் கலைஞர், நடனக்காரர் என்று தொடங்கி, கழைக்கூத்தாடி, செப்படி வித்தைக்காரர், பாம்பாட்டி வரைக்கும் அது பட்டியலிடுகிறது. நாற்பது ஆண்டுகளாக வக்கீல் தொழில் செய்பவன் நான். நிலத் தகராறும் ஜீவனாம்சமும் பார்த்தே காலம் போனதால் அந்த வரியின் அருமை இதுவரை எனக்கு உறைக்கவில்லை. பாம்பாட்டிக்கு உரிமை உண்டு என்று நாடாளுமன்றம் எழுதி வைத்திருக்கும்போது கூத்து வாத்தியாருக்கு இல்லாமல் போகுமா? 1994-இல் செய்த திருத்தம் இந்த உரிமையைக் கொண்டுவந்தது. 2012-இல் செய்த திருத்தம் அதை விரித்தது. நிகழ்ச்சியைப் பதிவு செய்வதும், அப்பதிவைப் பெருக்குவதும், பொதுமக்களுக்குக் கொண்டுசேர்ப்பதும் 50 ஆண்டுகளுக்கு நிகழ்த்துநரின் தனியுரிமை. தம் பெயரைச் சொல்ல வேண்டும், தம் ஆட்டத்தைச் சிதைக்கக் கூடாது என்று கேட்கும் உரிமையும் அவருக்கு உண்டு. பேரனுக்குக் காட்டுவதற்காக ஒருவர் தம் கைப்பேசியில் எடுத்து வைத்துக்கொண்டால் குற்றமில்லை. அதையே ஊருக்கெல்லாம் ஏற்றிக் காசு பார்ப்பது மீறல். வழக்குப் போடுவதற்குச் சென்னைக்கோ மும்பைக்கோ அலைய வேண்டியதும் இல்லை. தாம் குடியிருக்கும் மாவட்ட நீதிமன்றத்திலேயே போட 62-ஆம் பிரிவு இடம் தருகிறது.

வழக்கு வேண்டாம், பெயர் வந்தால் போதும் என்றார் வாத்தியார். ஏற்றியவரோ பதிலே போடவில்லை. ஆகவே 2013-ஆம் ஆண்டுப் பதிப்புரிமை விதிகளில் 75-ஆவது விதியின்கீழ்த் தளத்துக்கு எழுதினேன். புகார் சரியென்று தளம் கருதினால் 36 மணி நேரத்துக்குள் அந்தப் பதிவை மறைக்க வேண்டும். புகார் கொடுத்தவர் 21 நாட்களுக்குள் நீதிமன்ற உத்தரவு காட்டாவிட்டால் மீண்டும் திறந்துவிடலாம். மறைத்தார்கள். நான்காம் நாள் அதே காணொளி, ஓரங்கள் வெட்டப்பட்டு, வேறொரு கணக்கில் வந்து உட்கார்ந்தது. ஒவ்வொரு முறையும் புகார் எழுத வாத்தியாருக்கு ஒரு வக்கீல் வேண்டும். ஏற்றுகிறவருக்கு ஒரு பொத்தான் போதும். என்னைப் பொறுத்தவரை இன்றைய சிக்கலின் ஆணிவேர் இதுதான். சட்டத்தில் ஓட்டை இருப்பதாக எல்லோரும் பேசுகிறார்கள். நான் பார்த்த அளவில் ஓட்டையைவிடப் பெரிய குறை, உரிமை உள்ளவருக்கு அது இருப்பதே தெரியாததும், தெரிந்தாலும் அதைக் காக்க அவர் கொடுக்க வேண்டிய நேரமும்தான்.

ஆகவே ஒரு சிறு ஏற்பாடு செய்தோம். ஊரார் கூத்தை உறுதி செய்யத் தாம்பூலம் கொடுக்க வரும்போது எழுதும் சீட்டில், நாளும் தொகையும் போட்டபின், “முழு ஆட்டத்தையும் படம் பிடித்து வெளியிட ஜமாவின் எழுத்துச் சம்மதம் வேண்டும்; வெளியிட்டால் ஜமாவின் பெயர் போட வேண்டும்” என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னேன். இதுவரை எந்த ஊரும் முகம் சுளிக்கவில்லை. செய்யாற்றுப் பக்கத்து ஜமாக்கள் சிலவும் அந்த வரியைக் கேட்டு வாங்கிப் போயிருக்கின்றன.

இதற்கிடையில் ஒன்று. ஜடேரி நாமக்கட்டிக்கும் நம் இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய்க்கும் 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது, கூத்துக்கும் அப்படி ஒன்று வாங்கலாமே என்று நீ எழுதியிருந்தாய். அந்தச் சட்டம் சரக்குகளுக்கு மட்டுமானது. கத்தரிக்காய் விளைவிக்கும் ஊருக்குக் கூட்டாக ஓர் உரிமையைத் தர சட்டத்துக்கு வழி தெரிந்திருக்கிறது. கூத்து விளைந்த ஊர்களுக்குத் தர இன்னும் தெரியவில்லை. எனக்கு இது ஆறாத குறை.

இப்போது உன் கேசட்டுகள். நீ பதிவு செய்த 1986-இல் சட்டத்தில் நிகழ்த்துநர் உரிமை என்று ஒரு பகுதியே கிடையாது. ஒலிப்பதிவு செய்ய முனைந்து பொறுப்பேற்றவரே அதன் உரிமையாளர் என்பதால், எழுத்தை மட்டும் பார்த்தால் அந்தப் பதிவு உன்னுடையது. இன்னும் வெளியிடாததால் 60 ஆண்டுக் கணக்கே தொடங்கவில்லை. நீ இன்றே ஏற்றினாலும் உன்னைத் தடுக்கச் சட்டத்தில் யாருக்கும் வலுவான பிடி இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

ஆனாலும் ஏற்றாதே என்றுதான் உரிமையோடு சொல்கிறேன். அந்த மகனிடம் கேட்காமல் ஏற்றாதே. தன் தந்தையின் குரல் அவரிடம் ஒரு வரிகூட இல்லை. உன்னிடம் இரவு முழுவதும் இருக்கிறது. இன்னொரு காரணமும் உண்டு. முன்பெல்லாம் ஒரு பதிவைத் திருடினால் அந்தப் பதிவு மட்டும்தான் போகும். இப்போது குரலே போய்விடுகிறது. 2024 ஜூலையில் பாடகர் அரிஜித் சிங் தொடுத்த வழக்கில், அவர் குரலைச் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளால் அனுமதியின்றிப் போலச் செய்வதற்கு மும்பை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அவர் புகழ்பெற்றவர், வழக்காட வசதியும் உண்டு. மறைந்துபோன ஒரு கர்ணனின் குரலை எடுத்து நாளை எவரேனும் சோப்பு விளம்பரம் பாட வைத்தால் கேட்க யார் இருக்கிறார்கள்? இணையத்தில் கிடப்பதையெல்லாம் அள்ளி இக்கருவிகளுக்குக் கற்பிப்பது முறையா என்ற கேள்வியே இன்னொரு வழக்காக 2024 நவம்பரில் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. ஏ.என்.ஐ. செய்தி நிறுவனம் ஓபன்ஏஐ மீது தொடுத்த வழக்கு அது.

கேசட்டுகளைப் பூட்டி வை என்று நான் சொல்லவில்லை. நாடா நைந்து போவதற்கு முன் கணினிக்கு மாற்றியே ஆக வேண்டும். பழைய பெட்டியில் அப்படியே போட்டு ஓட்டாதே. அதில் நாடா உரசும் தலைப்பகுதியைத் துடைக்காமல் ஓட்டினால் சிக்கி அறுந்துவிடும். மாற்றியபின் ஒரு படியை வாத்தியாரிடம் கொடுப்போம். வெளியிடலாமா, எந்தப் பகுதியை, யார் பெயரில் என்பதை அவர் சொல்லட்டும். ஒப்பந்தத்தை நானே தமிழில் எழுதித் தருகிறேன். ஆடி விழாக்கள் முடிந்ததும் அவருக்குக் கொஞ்சம் ஓய்வு இருக்கும். அப்போது அழைத்துக்கொண்டு கோயம்புத்தூர் வருகிறேன்.

அதற்குமுன் ஓர் உதவி செய். முதல் கேசட்டின் அட்டையில் அன்றைக்கு ஆடியவர், பின்பாட்டுப் பாடியவர், மிருதங்கம், முகவீணை என்று ஒவ்வொருவர் பெயரையும் நீ பென்சிலில் எழுதி வைத்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அதைப் படம் எடுத்து அனுப்பு. முகவீணைக்காரரின் குடும்பம் கலவைப் பக்கம் இருப்பதாக வாத்தியார் சொல்கிறார். பெயர் கிடைத்தால் விசாரித்து வைக்கிறேன்.

அன்புடன்,
முனிரத்தினம்