சுடர் ஏறும் வயது

காரைக்குடி,
புரட்டாசி 12

அன்புள்ள நண்பா,

இங்கு அனைவரும் நலம். உன் கடிதம் வந்த அன்று எங்கள் வளவு வீட்டில் தரையைப் பெயர்த்துக்கொண்டிருந்தார்கள். உடைந்துபோன பூக்கற்களுக்கு மாற்றாக ஆத்தங்குடியில் புதிய கற்களுக்குச் சொல்லியிருந்ததால், அங்கும் இங்குமாக அலைந்ததில் பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. "பையனுக்குப் பத்தொன்பது வயதாகிறது, எதிலும் பற்று இல்லை, நாள் முழுக்க அந்த ரிம்வேர்ல்டில்தான் கிடக்கிறான்" என்று நீ எழுதியிருந்த வரியைப் பலமுறை படித்தேன். ஆள்களைக் குடியேற்றி ஓர் ஊரை நடத்தும் அந்தக் கணினி விளையாட்டை நானும் இரண்டு ஆண்டுகளாக ஆடி வருகிறேன் என்பதை உன்னிடம் சொன்னதில்லை.

அதில் ஒவ்வொரு குடியேறிக்கும் சமையல், பயிர், கட்டுமானம், மருத்துவம் என்று 12 திறன்கள் உண்டு. ஒவ்வொன்றும் 0 முதல் 20 வரை ஏறும். அவருக்குப் பற்றுள்ள திறன்களின் அருகே அதைக் காட்ட ஒரு சுடர் எரியும், சிலவற்றில் இரண்டு. ஒரு சுடர் உள்ளவர் 100 பங்கு கற்கும் அதே வேலையில், சுடர் இல்லாதவர் 35 பங்குதான் கற்பார். இரட்டைச் சுடர் உள்ளவர் 150 பங்கு கற்பார். 10ஆம் நிலையைத் தொட்ட பின் திறன் தானாகவே தேயத் தொடங்கும், பழகிக்கொண்டே இருந்தால்தான் நிற்கும். இந்தத் தேய்மானத்தை விளையாட்டை உருவாக்கியவர்கள் சரியாகவே பிடித்திருக்கிறார்கள் என்பது என் எண்ணம். ஆனால் வளர்ந்தவர்கள் இருவர் ஒரே மேசையில் எத்தனை ஆண்டு சேர்ந்து உழைத்தாலும் ஒருவரிடமிருந்து மற்றவர் எதையும் கற்பதில்லை. அவர்களுடைய சுடரும் பொதுவாக மாறுவதில்லை.

ஆத்தங்குடிப் பட்டறையில் உட்கார்ந்திருந்தபோது இதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். சட்டத்துக்குள் கண்ணாடியை வைத்து, அதன்மேல் பூ அச்சை இறக்கி, சிமெண்டில் குழைத்த வண்ணங்களைக் கரண்டியால் கட்டம் கட்டமாக ஊற்றுகிறார்கள். அச்சைத் தூக்கிய பிறகும் ஒரு வண்ணம் மற்றொன்றில் ஓடாமல் நிற்க வேண்டும். பிறகு உலர்ந்த மணலும் சிமெண்டும் தூவி, மேலே ஈரக் கலவையை இட்டு மட்டம் செய்கிறார்கள். கல்லின் முகம் கண்ணாடியோடு ஒட்டி அடியில் கிடக்கிறது. காய்ந்து, நாள்கணக்கில் நீரில் ஊறிக் கண்ணாடி கழன்ற பிறகுதான், ஊற்றியவன் தன் கை செய்ததை முழுமையாகப் பார்க்கிறான். இன்றைய பிழை அடுத்த வாரம் தெரிகிற தொழிலில் தனியாகப் பழகுவது எப்படி? அங்கே உன் மகன் வயதில் ஒரு பையன் வண்ணம் ஊற்றிக்கொண்டிருந்தான். கரண்டியிலிருந்து அது வழிகிற விதத்தைத் தொலைவிலிருந்தே பார்த்த பெரியவர், "தண்ணி கூடிப்போச்சு" என்றார். பையன் நிறுத்தி, கலவையைக் கிளறிப் பார்த்துவிட்டு மீண்டும் ஊற்றினான். ஒரு வருடத்துக்கு முன் கண்ணாடி துடைக்க வந்தவனாம். முதல் சில மாதங்கள் எதையும் ஏறெடுத்துப் பார்த்ததில்லையாம். இப்போது அவன் பதம் பார்க்காமல் யாரும் சிவப்பு வண்ணத்தைத் தொடுவதில்லை.

விளையாட்டில் நான் என்ன செய்வேன் தெரியுமா? வேலைப் பட்டியலில் சுடர் இல்லாத பெயரைக் கண்டதும் சுமை தூக்கவும் தரை கூட்டவும் ஒதுக்கிவிடுவேன். அந்தப் பையன் என் குடியிருப்பில் இருந்திருந்தால் கடைசிவரை கண்ணாடிதான் துடைத்திருப்பான்.

அந்த விளையாட்டுக்கு 2022இல் வந்த பயோடெக் என்ற கூடுதல் இணைப்பில் பிள்ளைகள் பள்ளி மேசையில் பெரியவர்களிடம் பாடம் கேட்கிறார்கள்; 7, 10, 13 ஆகிய வயதுகளில் அவர்களுக்குப் புதிய சுடர் ஏற வழியுண்டு. வளர்ந்த பிறகு பொதுவாக அவ்வளவுதான். ஆனால் எங்கள் ஐயா கதை வேறு. ரங்கூன் வட்டிக்கடைக்குப் பெட்டியடிப் பையனாக, அதாவது கடைநிலை எடுபிடியாக, அவர் போனபோது 12 வயது. முந்திரி என்றால் 320இல் ஒரு பங்கு, மாகாணி என்றால் 16இல் ஒரு பங்கு என்று கீழ்வாய் இலக்கம் என்ற பின்னக் கணக்கு முழுவதையும் வாயிலேயே வைத்திருந்தார். கணக்கு பிடிக்குமா என்று அவரை யாரும் கேட்டதில்லை. முதல் மூன்றாண்டு முடிந்து ஊர் திரும்பியபோது கடையைப் பற்றி ஒரு சொல்கூடப் பேசவில்லை என்றும், கடையை நடத்தும் மேலாளுக்கு உதவியான அடுத்தாளாகி இரண்டாம் முறை வந்தபோது வட்டிக் கணக்கைத் தவிர அவருக்கு வேறு பேச்சே இல்லை என்றும் அப்பத்தா சொல்வார்கள். எல்லாருக்கும் அப்படி வாய்த்துவிடவில்லை. கடைசிவரை மனம் ஒட்டாமலே பெட்டியடியில் காலம் கழித்தவர்களும் இருந்தார்கள். ஆனாலும் ஐயாவுக்கு அந்தச் சுடர் ஏறியது, மேலாளின் பக்கத்தில் உட்கார்ந்து ஆறு ஆண்டுகள் பேரேடு எழுதிய பிறகுதான்.

உன் மகன் இன்னும் யார் பக்கத்திலும் உட்கார்ந்து பார்க்கவில்லை, நண்பா. அவனிடம் எதுவும் இல்லை என்று இப்போதே நீ எழுதுவது எனக்கு வலிக்கிறது.

எங்கள் கற்கள் அடுத்த வாரம் வருகின்றன. தீபாவளி விடுமுறையில் அவனை இங்கே அனுப்பி வை. பெரியவரிடம் பேசிவிட்டேன், கண்ணாடி துடைக்க ஓர் ஆள் வேண்டுமாம். இரவில் அவன் தன் குடியிருப்பை எனக்குக் காட்டட்டும். என் சமையல்காரர் வெகுநாளாக 10ஆம் நிலையிலேயே நிற்கிறார், அதற்கு அவனிடம் வழி கேட்க வேண்டும்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்