பேட்டர்னுக்கு முன்னால் பாதிப் பணம்: பழைய யெஸ்டி, ஜாவா பைக் வைத்திருக்கும் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய கிளப் நிர்வாகிகளுக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். கோவையில் லேத் பட்டறை வைத்திருப்பவன் எழுதுகிறேன். நடந்த கதை உங்கள் எல்லோருக்கும் தெரியும் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். யெஸ்டி 250-க்குப் புது சிலிண்டர் வார்த்தால் எடுத்துக்கொள்கிறோம் என்று உங்கள் வாட்ஸ்அப் குழுவில் கட்டைவிரலைத் தூக்கியவர்கள் 60 பேர். வார்த்து, போர் போட்டு (உள்துளையைக் கடைந்து), ஹோனிங் முடித்து (அதை வழவழப்பாக்கி) ரேக்கில் அடுக்கிய பிறகு பணத்தோடு வந்தவர்கள் 11 பேர். மீதி சிலிண்டர்கள் ஆயில் தாளில் சுற்றியபடி என்னிடமே இருக்கின்றன. போன வாரம் அதே குழுவில் ஒருவர், "யாராவது கிராங்க் செட் புதுசா செஞ்சு குடுத்தா நல்லா இருக்கும்" என்று போட, மறுபடியும் வரிசையாகக் கட்டைவிரல்கள். அதைப் பார்த்த பிறகுதான் இந்த மடல்.

நான் கேட்பது ஒன்றுதான். எந்தப் பாகமாக இருந்தாலும், பேட்டர்ன், அதாவது மணலில் அச்சு எடுக்க உதவும் மாதிரி உரு, செய்யத் தொடங்கும் முன்பே பாதிப் பணத்தைக் கட்டிவிடுங்கள்.

இந்த வண்டிகளைச் செய்த மைசூர் ஐடியல் ஜாவா கம்பெனி 1996-ல் மூடியதிலிருந்து நம் வண்டிக்குப் பாகம் என்றால் பழைய இருப்பு, இல்லாவிட்டால் எங்களைப் போன்ற சின்னப் பட்டறைகள். 2018-ல் ஜாவா பெயரும் 2022-ல் யெஸ்டி பெயரும் ஷோரூமுக்குத் திரும்பின, சந்தோஷம். ஆனால் அவை ரேடியேட்டர் வைத்த ஃபோர் ஸ்ட்ரோக். நம் டூ ஸ்ட்ரோக்குக்கு அங்கிருந்து ஒரு பிஸ்டன் ரிங்கூடக் கிடைக்காது.

"ஒரு சிலிண்டருக்கு இவ்வளவாண்ணா?" என்று கேட்ட தம்பிக்கும் சேர்த்தே சொல்கிறேன். ஸ்டாண்டர்டு போர், அதாவது சிலிண்டரின் உள்விட்டம், 65 மில்லிமீட்டர். தேயத் தேய ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டு ஓட்டலாம். கடைசி ஓவர்சைஸும் முடிந்தால் உள்ளே ஸ்லீவ் (புது உள்குழாய்) அடிக்கலாம். ஃபின் (சூடு தணிக்கும் வெளித்தகடு) உடைந்து, ஸ்டட் ஓட்டை கிழிந்த சிலிண்டருக்கு அதுவும் வீண். அப்புறம் புது வார்ப்புதான். வெளியிலிருந்து பார்த்தால் ஃபின் வைத்த இரும்புக் குழாய் மாதிரிதான் தெரியும். உள்ளே முன்னால் புகை வெளியேற இரண்டு எக்ஸாஸ்ட், பின்னால் பெட்ரோல் கலவை நுழைய இன்டேக், இரண்டு பக்கமும் கலவையைக் கீழிருந்து மேலே ஏற்றும் டிரான்ஸ்ஃபர் வழிகள். இந்த வழிகளுக்கெல்லாம் மணலில் கோர் (வழியின் வடிவத்தில் உள் உரு) செய்து அச்சுக்குள் உட்கார வைக்க வேண்டும். கோர் ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலே போர்ட் (வழி திறக்கும் வாய்) உயரம் மாறிவிடும். வண்டி ஓடும், ஆனால் யெஸ்டி ஓடுகிற மாதிரி ஓடாது. சில வார்ப்பில் சுவர் ஒரு பக்கம் மெலிந்திருக்கும். போர் போடும்போது டூல் அதைக் கிழித்துக்கொண்டு டிரான்ஸ்ஃபர் வழிக்குள் எட்டிப் பார்க்கும். அந்தச் சத்தம் கேட்டதும் மெஷினை நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போய்விடுவோம். பவுண்டரிக்காரர் ரிஜெக்ட் வார்ப்பைத் திரும்ப உருக்க எடுத்துக்கொள்வார். அதில் போன மெஷின் நேரத்தை யார் எடுத்துக்கொள்வது?

பவுண்டரிக்காரரைக் குறை சொல்ல முடியாது. அவருக்குச் சோறு போடுவது மோட்டார் பம்பு வார்ப்பு. அந்த வேலைக்கு நடுவே நம் 60 சிலிண்டரை நுழைப்பதே பெரிய மனசு.

கணக்குக்கு வருவோம். பேட்டர்ன், கோர் பாக்ஸ், போரிங் ஜிக் எல்லாம் சேர்த்து மூன்று லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 300 சிலிண்டர் போனால் ஒன்றின் தலையில் 1,000 ரூபாய். 60 போனால் 5,000. 11 மட்டும் போனால் 27,000-க்கு மேல். இதில் இரும்பு விலையும் என் ஆட்கள் கூலியும் இன்னும் சேரவே இல்லை. கல்யாணத்துக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராமல் இருந்தால் ஓர் இலைச் சாப்பாடுதான் வீண். இங்கே நீங்கள் வராவிட்டால், வந்தவர் தலையிலும் என் தலையிலும் உங்கள் பங்கும் சேர்ந்து விழுகிறது.

கிராங்க் இதைவிட மோசம். கனெக்டிங் ராடுக்கு ஃபோர்ஜிங் டை (பழுத்த இரும்பை அடித்து உருவாக்கும் அச்சு) வேண்டும். டை போட்டால் ஆயிரக்கணக்கில் அடித்தால்தான் கட்டுப்படியாகும். கட்டைவிரலை நம்பி நான் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுப்பதாக இல்லை.

உங்களிடம் பணம் இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. 50 வருடம் தாண்டிய வண்டிக்கு 2021-ல் வின்டேஜ் பதிவு கொண்டுவந்தார்கள். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய். அதைக் கட்டத் தயாராக இருக்கிறீர்கள். டேங்கின் குரோமுக்குச் செலவு செய்கிறீர்கள். 2025 செப்டம்பரில் உதிரிபாகத்துக்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமானதும், அன்று காலையே "விலை குறையுமாண்ணா" என்று போன். வாங்காத சிலிண்டருக்கு வரி குறைந்தால் என்ன, கூடினால் என்ன? ஜூலை இரண்டாம் ஞாயிறு ஜாவா-யெஸ்டி தினத்துக்கு டி-ஷர்ட் அடித்தபோது, சைஸ் சொல்லி முழுப் பணத்தையும் முன்னாலேயே கட்டினீர்கள். சிலிண்டருக்கும் சைஸ் உண்டு ஐயா.

சரி, கோபம் போதும்.

இங்கிலாந்தில் வின்சென்ட் மோட்டார் சைக்கிள் தயாரிப்பு 1955-ல் நின்றுபோனது. 1975-ல் அந்த வண்டி கிளப்காரர்களே பங்கு போட்டு உதிரிபாகக் கம்பெனி ஒன்றை ஆரம்பித்தார்கள். பின்னாளில் புதுப் பாகங்களை வைத்தே பிளாக் ஷேடோ என்ற வின்சென்ட் மாடல் ஒன்றை முழுசாகக் கட்டிக் காட்டினார்கள். உங்களைக் கம்பெனி ஆரம்பிக்கச் சொல்லவில்லை. பேட்டர்னுக்கு முன்னால் பாதிப் பணம், அவ்வளவுதான். பணத்தை என்னிடம் கொடுக்கவும் வேண்டாம். கிளப் பெயரில் ஒரு வங்கிக் கணக்கில் போடுங்கள். தேதி வையுங்கள். அந்தத் தேதிக்குள் எண்ணிக்கை சேராவிட்டால் அவரவர் பணம் அவரவருக்கு. சேர்ந்தால் மறுநாளே பேட்டர்ன்காரரைப் பார்க்கிறேன். அடுத்த கூட்டத்தில் இதைத் தீர்மானமாகவே போட்டுவிடும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

ரேக்கில் இருக்கும் சிலிண்டர்கள் பேசிய விலைக்கேதான். எல்லாம் ஸ்டாண்டர்டு சைஸ். பிஸ்டனைக் கொண்டுவந்தால் கிளியரன்ஸ் (பிஸ்டனுக்கும் சுவருக்கும் உள்ள இடைவெளி) பார்த்தே கொடுக்கிறேன்; அதற்குத் தனிக் கூலி இல்லை. ஞாயிற்றுக்கிழமை பட்டறை லீவு.

இப்படிக்கு,
உங்கள் லேத் பட்டறைக்காரன்,
கோயம்புத்தூர்