பன்னிரண்டு கிணறு, ஒரு நோட்டு

அன்புள்ள மாப்ளே,

நல்லாருக்கியா? தங்கச்சி சௌக்கியந்தானே? இங்கே ரெண்டு உழவு மழை பெய்து மனசு குளிர்ந்திருக்கிறது.

போன வாரம் ஒரு பள்ளியில் அறிவியல் கண்காட்சிக்கு நடுவராகப் போயிருந்தேன். தெர்மாகோல் எரிமலை, பல்பு எரிகிற வீடு, ராக்கெட் என்று வரிசையாக இருந்தது. கடைசி மேஜையில் ஒன்பதாவது படிக்கிற ஒரு அம்மணி. அவளிடம் தண்ணீரில் கரைந்திருக்கிற உப்பைக் காட்டுகிற ஒரு டிடிஎஸ் மீட்டரும் கோடு போட்ட நோட்டும்தான். ஊர் ஒரத்துப்பாளையம் அணைக்குப் பக்கம். மூன்று மாதம், ஞாயிறு தவறாமல், 12 தோட்டத்துக் கிணறுகளில் தண்ணீர் மொண்டு உப்பு அளந்து எழுதியிருக்கிறாள்.

அந்த அணையை நீ மறந்திருக்க மாட்டாய். 1992-ல் பாசனத்துக்கென்று கட்டினார்கள். நொய்யல் ஆற்றில் வந்த சாயப்பட்டறைக் கழிவுத்தண்ணி தேங்கி, விவசாயிகளே தண்ணீர் விடாதே என்று சொல்லும்படி ஆனது. 2011-ல் உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச்சொன்ன பிறகாவது மண் தேறியதா? அதைத்தான் இந்தப் பிள்ளை கிணறு கிணறாகக் கேட்டுப் பார்த்திருக்கிறாள்.

"மழை பேஞ்சா உப்பு கொறையும்னு நெனச்சனுங்க சார். ரெண்டு கெணத்துல கூடிப்போச்சுங்க" என்றாள். மண்ணில் தங்கின உப்பு கரைந்து கீழே இறங்கியிருக்குமோ என்பது அவள் யோசனை. நினைத்ததற்கு மாறாக வந்த கணக்கை அழிக்காமல் வைத்திருந்தாளே, அங்கேயே எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. குடிக்கிற தண்ணீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராம் உப்பு வரை நல்லது, வேறு வழியில்லாவிட்டால் 2000 வரை என்கிற அளவும் தெரிந்து வைத்திருந்தாள். அவள் நோட்டைப் பார்த்து அவளோட அப்பாரு மாட்டுக்குத் தண்ணி காட்டுகிற கிணற்றையே மாற்றிவிட்டாராம்.

மற்ற நடுவர்கள் "மாடல் இல்லையே" என்றார்கள். வாதாடி ஆறுதல் பரிசுதான் வாங்கித்தர முடிந்தது. முதல் பரிசு ராக்கெட்டுக்கு. எனக்கு இன்னும் ஆறவில்லை மாப்ளே. 1993-லிருந்து நடக்கிற குழந்தைகள் அறிவியல் மாநாட்டில் உள்ளூர்ப் பிரச்சினையை எடுத்து ஆராயத்தானே சொல்கிறார்கள்? அதற்கு இவளை அனுப்பச் சொல்லி ஆசிரியையிடம் பேசியிருக்கிறேன்.

உன்னிடம் ஒரு வேலை. மீட்டர் மொத்த உப்பைத்தான் காட்டும், எந்த உப்பு என்று சொல்லாது. சோடியம் மிகுந்தால் மண் இறுகிப்போகும் என்று நீதான் சொல்லுவாய். கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் உனக்குப் பழகினவர்கள் இருக்கிறார்களே, அந்த ரெண்டு கிணற்றுத் தண்ணியையும் சோதித்துத் தருவார்களா என்று கேள். பாட்டிலைக் கழுவி எடுத்து வைத்துவிட்டாள். வருகிற ஞாயிறு நானும் கூடப் போகிறேன்.

அன்புடன்,
உன் மாப்ளே