தனுஷ்கோடிக்குக் குடும்பத்துடன் வாகனத்தில் செல்வோருக்கு ஒரு திறந்த மடல்

அன்புடையீர், வணக்கம்.

சென்ற அரையாண்டு விடுமுறையில் என் தாயாரையும் பிள்ளைகள் இருவரையும் அழைத்துக்கொண்டு மதுரையிலிருந்து தனுஷ்கோடியின் கடைக்கோடியான அரிச்சல்முனை வரை காரில் சென்று வந்தேன். முகுந்தராயர் சத்திரத்தைத் தாண்டியதும், மீனவர்கள் பெண்கடல் என்றழைக்கும் பாக் நீரிணை இடப்புறம் அசையாமல் கிடக்க, ஆண்கடலான மன்னார் வளைகுடா வலப்புறம் இரைந்துகொண்டிருக்க, நடுவே நீளும் அந்தச் சாலையைப் போல் வேறொன்றை நான் கண்டதில்லை. 2017இல் அது திறக்கப்படும் வரை மணலில் தடுமாறிச் செல்லும் வேன்களே கதி. இன்று எவரும் சொந்த வண்டியில் முனை வரை செல்லலாம். அந்த எளிமை பற்றியே இம்மடலை எழுதுகிறேன்.

கடலில் விளையாடித் திரும்பிய என் மகன், குடிசைகளுக்கருகே மணலில் தோண்டியிருந்த சிறு குழியில் தண்ணீரைக் கண்டு கால் கழுவப் போனான். குடத்துடன் வந்த ஓர் அம்மையார், "தம்பி, அது நாங்க குடிக்கிற தண்ணிப்பா" என்றார். அவர் குரலில் கோபமே இல்லை. நான்தான் கூனிக் குறுகிப் போனேன். மணலில் இறங்கிய மழைநீர், கனமான உப்புநீருக்கு மேல் மெல்லிய அடுக்காகத் தேங்கி நிற்கிறது. சில அடி ஆழத்துக்குள் தோண்டினால் நன்னீர் ஊறும். மேலும் தோண்டினால் உவர்த்துவிடும். ஆகவே அந்த ஊற்றை, சிரட்டையால் மொண்டு மொண்டு, பொறுமையாகக் குடம் நிரப்ப வேண்டியிருக்கிறது. அதனருகிலேயே பயணிகள் வீசிய நெகிழிப் புட்டிகளும் சாப்பாட்டுப் பொட்டலங்களும் கிடந்ததைக் கண்டேன்.

தனுஷ்கோடியில் இடிந்து நிற்கும் தேவாலயத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1964 டிசம்பர் 22 இரவு வீசிய புயலில், பயணிகளோடு வந்துகொண்டிருந்த ரயிலையே கடல் கொண்டுபோனது. அதன் பின் அவ்வூர் மக்கள் வாழத் தகுதியற்றதென அறிவிக்கப்பட்டது. அப்போது ஒன்பது வயதுச் சிறுமியாக இருந்த என் தாயார், அந்தத் தேவாலயச் சுவரின் முன் செருப்பைக் கழற்றிவிட்டு நெடுநேரம் நின்றார். அதே சுவரின் பவளப்பாறைக் கற்கள் மீது ஏறிப் படமெடுப்பதையும் பெயர் கீறுவதையும் தயவுசெய்து தவிருங்கள். பாம்பன் சாலைப் பாலத்தின் நடுவில் வண்டியை நிறுத்துவதும் வேண்டாம். பின்னால் ஆம்புலன்ஸ் வரக்கூடும்.

குப்பையைப் பையில் கட்டி இராமேசுவரத்துக்கே திரும்பக் கொண்டுவருவது பெரிய சிரமமன்று. மறுமுறை செல்லும்போது கால் கழுவுவதற்கென ஒரு கேன் தண்ணீரை உடன் எடுத்துச் செல்வதென்று என் பிள்ளைகளே முடிவு செய்திருக்கிறார்கள். உங்கள் வண்டியின் டிக்கியிலும் அப்படியொரு கேனுக்கு இடம் ஒதுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
மதுரையிலிருந்து ஒரு பயணி